அழுத்துவது ஒன்று, விழுவது ஒன்று

இந்தியாவில் இப்போது விற்கும் பல லேப்டாப்களில், நான்காம் எண் விசையின் ஓரத்தில் ₹ குறி அச்சிடப்பட்டிருக்கும். தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்து, 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட குறி அது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடும் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டது. அந்த லேப்டாப்பில் லினக்ஸை நிறுவிய ஒருவர், வலப்பக்க ஆல்ட் விசையோடு சேர்த்து 4-ஐ அழுத்தினால் பெரும்பாலும் ₹ வராது. எழுதிக்கொண்டிருப்பது இணைய உலாவியில் என்றால் இன்னும் வேடிக்கை. திறந்திருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு நான்காவது தாவலுக்குத் தாவிவிடும். குறி அச்சில் இருக்கிறது, யூனிகோடில் இருக்கிறது, எழுத்துருவில் இருக்கிறது. விரலுக்கு மட்டும் எட்டவில்லை.

காரணம் மிகச் சிறியது. நிறுவும்போது கணினி தானாகத் தேர்ந்தெடுத்தது அமெரிக்க ஆங்கில விசை அமைப்பு. அதில் ரூபாய்க்கு இடம் கிடையாது. அமைப்புகளுக்குள் போய் ‘ஆங்கிலம் - இந்தியா, ரூபாயுடன்’ என்ற பெயரைத் தேடி எடுத்தால் சரியாகிவிடும். தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை. தெரியாதவர் ‘லினக்ஸில் ரூபாய் வராது’ என்ற முடிவோடு எழுந்து போய்விடுவார்.

இப்படி எழுந்து போகக்கூடியவர்களின் கூட்டம் இப்போது பெருகியிருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குத் தேவையான பாதுகாப்புச் சில்லோ, பட்டியலில் உள்ள செயலியோ இல்லாத, மற்றபடி நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்கள் வீடுகளில் ஏராளம். அவற்றைப் பழைய இரும்புக்குப் போட மனம் வராதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வெளியீடுகளின் பக்கம் திரும்புகிறார்கள். வைஃபை வேலை செய்கிறது, ஒலி வருகிறது, படம் ஓடுகிறது. இவையெல்லாம் ஒரு காலத்தில் லினக்ஸில் தலைவலியாக இருந்தவை. இன்று முதல் நாளே இடறுவது பெரும்பாலும் யாரும் எதிர்பாராத இடத்தில்: விசைப்பலகையில்.

அதைப் பயனரின் அறியாமைக் கணக்கில் எழுதிவைப்பது லினக்ஸ் உலகின் நெடுநாள் பழக்கம். கணக்கை அவர் பெயரில் எழுதுவது நியாயமில்லை என்பதற்கு, ஒரு விசையை அழுத்தும்போது உள்ளே நடப்பதைப் பார்த்தாலே போதும்.

விசைப்பலகைக்குத் தன்மேல் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்று தெரியாது. தியேட்டரில் டார்ச் விளக்கோடு நிற்பவர் இருக்கை எண்ணைச் சொல்வாரே தவிர உட்கார்ந்திருப்பவர் யார் என்று சொல்ல மாட்டார், விசைப்பலகையும் அப்படித்தான். ‘இந்த இடத்து விசை அழுந்தியது, இப்போது எழுந்தது’ என்ற அளவில்தான் அது பேசும். யுஎஸ்பி விசைப்பலகை தன் நாட்டுக் குறியைச் சொல்வதற்கு அந்தத் தர வரையறையிலேயே ஓர் இடம் உண்டு. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதில் பூச்சியத்தை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனவே பிரெஞ்சு விசைப்பலகையும் அமெரிக்க விசைப்பலகையும் கணினியின் கண்ணுக்கு ஒன்றே.

அந்த இட எண் முதலில் லினக்ஸின் கருநிரலுக்கு, அதாவது கெர்னலுக்குப் போகிறது. அது தன் வழக்கப்படி இன்னோர் எண்ணாக மாற்றுகிறது. அதை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்.கே.பி. என்ற பகுதி அந்த எண்ணோடு எட்டைக் கூட்டித் தன் அட்டவணையில் தேடி ஓர் எழுத்தைக் கொடுக்கிறது. கியூ விசை கெர்னலுக்கு 16, எக்ஸ்.கே.பி.க்கு 24. ஏன் எட்டு என்றால், 1980-களில் பிறந்த எக்ஸ் சாளர அமைப்பில் விசை எண்கள் எட்டிலிருந்து தொடங்கின. அன்று வைத்தது இன்றும் நிற்கிறது. மேல் எல்லை 255. எக்ஸ்.கே.பி. 1990-களின் நடுவில் வந்தது. அதன் அட்டவணைகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பேணியவர் செர்கேய் உதால்ட்சோவ் என்ற ஒற்றைப் பராமரிப்பாளர். உலகத்து லினக்ஸ் கணினிகளில் எல்லாம் எந்த மொழியில் எந்த விசை எதைத் தர வேண்டும் என்ற பட்டியல் சில தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தில் காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது. அதில் குறை இருப்பதைவிட, இவ்வளவு சரியாக இருப்பதுதான் வியப்பு.

லேப்டாப் என்று வந்துவிட்டால் சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. மேசைக் கணினியின் விசைப்பலகை பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டு வேறு செருகலாம். லேப்டாப்பில் அது உடம்போடு ஒட்டியது. வெளிச்சத்தைக் கூட்டும் விசை, ஒலிவாங்கியை அடைக்கும் விசை, விமானப் பயன்முறை விசை என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் கொடுக்கிறது. அதே நிறுவனமே அடுத்த மாடலில் அதை மாற்றுகிறது. விண்டோஸுக்கு உரிய இயக்கியைத் தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்துவிடுவார். லினக்ஸுக்கு எழுதுவது யார்? வாங்கியவர்தான். பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளின் அடிப்படைப் பணிகளை நடத்தும் ‘சிஸ்டம்டி’ திட்டத்தோடு ஒரு நீண்ட கோப்பு வருகிறது. ஏசர், ஏசூஸ், டெல், ஹெச்பி, லெனோவா, சாம்சங் என்று நிறுவனவாரியாக, மாடல்வாரியாக, இந்த லேப்டாப்பில் இந்த எண் வந்தால் இந்த விசை என்று கொள்ளவும் என்ற திருத்தங்களே அதில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அழுத்தியதைச் சொல்லிவிட்டு, விரலை எடுத்ததைச் சொல்ல மறக்கும் விசைகளுக்கென்று தனிக் குறியே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் புது லேப்டாப் வாங்கிய கையோடு ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டிய ஒருவர் இருக்கிறார். அவர் கண்டுபிடித்ததை எழுதி அனுப்பியதால்தான் அடுத்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அண்மைக் கால நல்ல உதாரணம், மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அழைக்கும் கோபைலட் விசை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் இதை அறிவித்தபோது, கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளில் கணினி விசைப்பலகையில் வரும் முதல் பெரிய மாற்றம் என்று பெருமையாகச் சொன்னது. பல லேப்டாப்களில் அது வலப்பக்க கன்ட்ரோல் விசையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புது விசை என்றால் புது எண் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. இடப்பக்க ஷிஃப்ட், விண்டோஸ் விசை, எஃப்23 ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்தியதுபோல் அது நடிக்கிறது. எஃப்12-க்கு மேல் விசைகள் இருந்த பழைய விசைப்பலகைகளின் எச்சம் அந்த எஃப்23. அந்த எண்ணைக் கெர்னலின் பழைய விசைப்பலகை நிரல் அறிந்திருக்கவில்லை. 2025 மார்ச்சில் வந்த 6.14 பதிப்பில்தான் கற்றுக்கொண்டது. எக்ஸ்.கே.பி. அட்டவணையிலோ எஃப்23 என்றால் ‘டச்பேடை அணை’ என்று பல ஆண்டுகளாக எழுதிவைத்திருந்தார்கள். செயற்கை நுண்ணறிவை அழைக்க வைத்த விசை, லினக்ஸில் டச்பேடை அணைக்கச் சொல்லும் விசையாக நின்றது. அதை மறுபடியும் கன்ட்ரோலாக மாற்ற நினைத்தவர்களுக்கு ‘கீடி’ போன்ற தனி நிரல்கள் தேவைப்பட்டன.

இது விற்பவரின் விளையாட்டு. லினக்ஸ் தானே இழுத்துவைத்துக்கொண்ட சிக்கல்களும் உண்டு.

எடுத்துக்காட்டாக, எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற முடிவை லினக்ஸ் ஓர் இடத்தில் எடுப்பதில்லை. கணினி எழும்போது முதலில் வரும் கிரப் திரை வழக்கமாக அமெரிக்க விசை அமைப்பையே எடுத்துக்கொள்ளும். அடுத்து, வட்டு முழுதும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதன் கடவுச்சொல்லைக் கேட்கும் சிறு நிலைக்கு வேறோர் அமைப்பு. கறுப்புத் திரை முனையத்துக்கு இன்னொன்று. உள்நுழைவுத் திரைக்கு ஒன்று. உள்ளே போனதும் பயனரின் சொந்தத் தேர்வு. இவற்றில் ஏதாவது ஒன்று மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் வீட்டுக்காரரே வாசலில் நிற்க வேண்டியதுதான். கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால், தான் அடிப்பது ஒன்று விழுவது ஒன்று என்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

பிரான்சில் இது அன்றாடத் துன்பம். அங்கே ஏ இருக்கும் இடத்தில் கியூவும், இசட் இருக்கும் இடத்தில் டபிள்யூவும் மாறியிருக்கும். எம் விசை எல்லுக்கு வலப்பக்கம் போய்விடும். எண்களுக்கு ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். அந்த விசைப்பலகையில், கணினி அமெரிக்க அமைப்பில் இருக்கும்போது ஒருவர் ஆங்கில எழுத்துகளில் ‘அம்மா’ என்றும் பிறகு 2024 என்றும் கடவுச்சொல் அடித்தால், உள்ளே விழுவது ஒரு கியூ, இரண்டு அரைப்புள்ளி, மறுபடி ஒரு கியூ, அதன் பின்னால் @ ) @ $. ஜெர்மனியில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். ‘தொடரலாமா’ என்று லினக்ஸ் கேட்கும் முதல் கேள்விக்கே ஒய் என்று பதில் அடிக்க, இசட் போய் விழும். ஆப்பிள் லேப்டாப்பின் ஐரோப்பிய வகையில் லினக்ஸ் போட்டவர்களுக்கோ, ஒன்றாம் எண்ணுக்குப் பக்கத்து விசையும் இடப்பக்க ஷிஃப்ட்டுக்குப் பக்கத்து விசையும் ஒன்றுக்கொன்று மாறி விழுந்த தொல்லை. அதைச் சரிசெய்யக் கெர்னலின் ஆப்பிள் விசைப்பலகை நிரலுக்குள் ஒரு தனி விருப்பத்தேர்வையே வைத்திருக்கிறார்கள்.

தமிழுக்கு வருவோம். ஐரோப்பியர்களின் சிக்கல் எழுத்து இடம் மாறுவதோடு முடிந்துவிடுகிறது. தமிழர்களின் சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவாகப் பிறந்தது தமிழ்99 விசைப்பலகை. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் விசைப்பலகையின் வழியில் வந்தது. மாநாடு முடிந்த சில மாதங்களிலேயே, அந்த ஆண்டு மே மாதம், அவர் காலமானார். தமிழ்நாடு அரசு தமிழ்99-ஐத் தரமாக அறிவித்தது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் வலக்கையில். முப்பத்தொரு எழுத்துகளைத் தெரிந்துகொண்டு மொழி முழுவதையும் அடித்துவிடலாம். அதன் உண்மையான அழகு அது தமிழ் இலக்கணத்தைத் தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது. க என்ற விசையை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக் ‘க்க’ என்று தரும். ந-வுக்குப் பின் த வந்தால் ‘ந்த’ ஆகிவிடும். ‘தந்தை’ என்று எழுத நான்கு அழுத்து போதும்: த, ந, த, ஐ. ‘அம்மா’வும் அப்படியே: அ, ம, ம, ஆ. கையெழுத்தில்கூட இவ்வளவு சிக்கனம் கிடையாது.

இந்த அறிவெல்லாம் எக்ஸ்.கே.பி.யின் தலைக்கு மேலே போய்விடும். விசைக்கு ஒரு குறி; அதற்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான். ஆ விசையை அழுத்தும்போது சொல்லின் முதலில் வரும் தனி ஆ வேண்டுமா, மெய்யோடு ஒட்டும் துணைக்கால் வேண்டுமா என்று முடிவெடுக்க, முன்னால் அடித்த எழுத்து எது என்று நினைவு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்.கே.பி.க்கு முந்தைய எழுத்தின் நினைவே கிடையாது. எனவே அதன் பட்டியலில் இருக்கும் ‘தமிழ்நெட் 99’ என்ற பெயர், அந்த விசைப்பலகையின் எலும்புக்கூட்டை மட்டுமே குறிக்கிறது.

அந்தப் பட்டியலைத்தான் லினக்ஸ் முதலில் நீட்டுகிறது. நிறுவும் திரையிலும் அதுதான், அமைப்புகளிலும் அதுதான். இந்தியப் பகுதிக்குள் போனால் தமிழ் என்ற பெயரில் வரிசையாக நிற்கின்றன: தமிழ்நெட் 99, தமிழ் எண்களுடன் கூடிய தமிழ்நெட் 99, டாப் குறியேற்றத் தமிழ்நெட் 99, டிஸ்கி குறியேற்றத் தமிழ்நெட் 99, இன்ஸ்கிரிப்ட் வகைகள். இலங்கைப் பகுதிக்குப் போனால் அங்கேயும் சில. டாப், டிஸ்கி என்பவை யூனிகோடுக்கு முந்தைய காலத்தின் குறியேற்றங்கள். ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை அடுக்கி, அதற்கென்று தயாரித்த எழுத்துருவில் மட்டும் தமிழாகத் தெரியும்படி செய்த ஏற்பாடு. தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடுக்கும் அதோடு டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றத்துக்கும் மாறிவிட்டது. இன்றைய லினக்ஸில் ஒரு மாணவர் தெரியாமல் டிஸ்கி வகையைத் தேர்ந்தெடுத்தால் திரையில் கொட்டுவது தமிழ் அல்ல, ஏதோ ஐரோப்பியக் கிறுக்கல். தவறான பெயரைத் தேர்ந்தெடுத்தது அவர் குற்றமா? எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று பட்டியலே சொல்லவில்லையே.

இன்ஸ்கிரிப்ட் மட்டும் எக்ஸ்.கே.பி.யில் ஒழுங்காக வேலை செய்யும். 1980-களில் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக மத்திய அரசு வகுத்த அமைப்பு அது. தனி உயிருக்கு ஒரு விசை, உயிர்க்குறிக்கு ஒரு விசை, புள்ளிக்கு ஒரு விசை என்று எல்லாம் வெளிப்படை, நினைவு தேவையில்லை. ஆனால் தேவநாகரியின் வர்க்க எழுத்துகளுக்கென்று போட்ட பந்தியில் தமிழ் உட்கார்ந்தால் பல இலைகள் காலியாகக் கிடக்கும். தமிழ்நாட்டில் அதைப் பழகியவர்கள் குறைவு. தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் தேர்வு எழுதி வந்தவர்களோ பழைய தட்டச்சுப் பொறியின் விசை வரிசையில் ஊறியவர்கள். அவர்கள் விரல் ‘கொ’ எழுத முதலில் ஒற்றைக்கொம்பைத் தேடும், பிறகு க, பிறகு கால். யூனிகோடு கேட்பது முதலில் க, பிறகுதான் மற்றவை. வரிசையைத் திருப்பிப்போட ஒரு மூளை இடையில் வேண்டும். அதுவும் எக்ஸ்.கே.பி.யிடம் இல்லை.

அந்த மூளை லினக்ஸில் வேறிடத்தில் இருக்கிறது. ஜப்பானில் தொடங்கிய எம்17என் என்ற நூலகம் தமிழ்99, தட்டச்சுப் பொறி அமைப்பு, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், இலங்கையில் பழகிய ரெங்கநாதன் அமைப்பு ஆகியவற்றை முழு விதிகளோடு வைத்திருக்கிறது. அதை ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கட்டமைப்பின் வழியாக இயக்க வேண்டும். பொதியை நிறுவி, வெளியேறி மறுபடி உள்நுழைந்து, உள்ளீட்டு மூலங்களில் சேர்த்து, மாற்றும் குறுக்குவிசையைப் பழகிவிட்டால் விண்டோஸில் கிடைக்கும் தமிழ்99-க்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல. தமிழில் கணிப்பணி செய்யும் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக இதில்தான் எழுதுகிறார்கள். கணியம் போன்ற தளங்களும் காஞ்சிபுரம், சென்னை லினக்ஸ் பயனர் குழுக்களும் புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும் வருகின்றன.

ஆக, லினக்ஸில் நல்ல தமிழ் இருக்கிறது. ஆனால் கடை வாசலில் மாதிரிக்கு வைத்திருப்பது பழுதான சரக்கு, நல்லது உள்ளறையில். இதை எத்தனை ஆண்டுகள்தான் வலைப்பதிவு எழுதியும் காணொலி போட்டும் ஈடுகட்டுவது?

உள்ளறைக்குப் போகும் வழியும் அடிக்கடி மாறுகிறது. எக்ஸ் அமைப்பை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு வேலண்ட் என்ற புதிய அமைப்புக்கு லினக்ஸ் மாறிக்கொண்டிருக்கிறது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடு 2016-லும், உபுண்டு உறுதியாக 2021-லும் அதை இயல்பாக்கின. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு, தன் வழக்கமான மேசைச்சூழலில் பழைய எக்ஸ் அமர்வையே தரவில்லை. மாற்றம் தேவையானதுதான், எக்ஸின் கீழ் ஒரு நிரல் அடுத்த நிரலில் அடிக்கும் விசைகளை ஒட்டுக்கேட்க முடியும் என்பது பெரிய ஓட்டை. ஆனால் விசைப்பலகையை மாற்ற இருபது ஆண்டுகளாகப் பலரும் பயன்படுத்திவந்த கட்டளைகள் வேலண்டில் செல்லாது. உள்ளீட்டு முறைகள் செயலிகளோடு பேசும் மொழியும் புதிது. குரோமியம் வகை உலாவிகளிலும், அதே அடித்தளத்தில் கட்டிய அரட்டைச் செயலிகளிலும் வேலண்டில் தமிழ் அடிக்க, தொடக்கக் கட்டளையோடு தனி விருப்பக்குறிகளைச் சேர்க்க வேண்டிய நிலை பல பதிப்புகளுக்கு நீடித்தது. லிப்ரே ஆபீஸில் தமிழ் வருகிறது, உலாவியில் வரவில்லை என்றால் சாதாரணப் பயனர் யாரைக் குற்றம் சொல்வார்? சீன, ஜப்பானியப் பயனர்கள் பெருங்கூட்டமாக முறையிட்டதால்தான் இதில் பல ஓட்டைகள் அடைபட்டன. தமிழ் அந்தப் புண்ணியத்தில் பங்கு பெற்றது.

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. பாரிஸில் வாங்கிய லேப்டாப்பில் தமிழ்99-ஐ இயக்கினால் எழுத்துகள் இடம் மாறி விழும். எம்17என் பார்ப்பது விசையின் இடத்தை அல்ல, அந்த விசை தந்த ஆங்கில எழுத்தை. அமெரிக்க அமைப்பில் ஏ விசைதான் தமிழ்99-ன் அ; கியூ விசை ஆ. பிரெஞ்சு விசைப்பலகையில் இரண்டும் இடம் மாறியிருப்பதால் அ-வுக்குப் போகும் சுண்டுவிரலில் ஆ வரும். சென்னையில் பழகிய விரல் பாரிஸில் தடுமாறும். அடித்தள அமைப்பை அமெரிக்க ஆங்கிலமாக வைத்துக்கொண்டால் தீர்ந்துவிடும். ஆனால் அதே கணினியில் பிரெஞ்சும் எழுத வேண்டிய பிள்ளைக்கு அது பாதித் தீர்வு.

‘இதெல்லாம் எதற்கு? எல்லாரும் கைபேசியில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்கிறார்களே’ என்று ஒரு பதில் வரும். குறுஞ்செய்திக்கு அது போதும். அலுவலகக் கடிதமும் நீண்ட கட்டுரையும் எழுதுகிறவர், ஒவ்வொரு சொல்லுக்கும் பரிந்துரைப் பட்டியலில் சரியானதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ‘லினக்ஸ் தெரிந்தவர்கள் தாங்களே சரிசெய்துகொள்வார்கள்’ என்பது இன்னொரு பதில். தெரிந்தவர்கள் மட்டும் லினக்ஸ் வைத்திருந்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த கணினிகளில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது. அதற்கு முன்பே, ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் தலைமையில் இருந்தபோது அரசுக் கணினிகளில் சூசே லினக்ஸ் புகுந்தது. லினக்ஸைத் தேர்ந்தெடுக்காதவர்களின் மடியில்கூட லினக்ஸ் இருந்திருக்கிறது. அதில் தமிழ் அடிக்க எத்தனை பேருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

பக்கத்து மாநிலம் இதை வேறு விதமாகச் செய்தது. கேரளப் பள்ளிகள் 2000-களிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. இன்று ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் தன் பள்ளிகளுக்கென்று லினக்ஸ் வெளியீடு ஒன்றைத் தயாரிக்கிறது. அதில் மலையாளம் அடிப்பது அமைப்புகளுக்குள் தேட வேண்டிய ரகசியம் அல்ல. 2018-ல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றத்தில் மலையாளக் கணிமை கற்பிக்கும் பாடங்களில் ஒன்று. மலையாளம் அடிப்பது இன்ஸ்கிரிப்ட் வழியாக என்பதால் அவர்களுக்குத் தொழில்நுட்பச் சிக்கலும் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் விசைப்பலகையைப் பள்ளிக்கூடத்துப் பொருளாக எடுத்துக்கொண்ட மனநிலை அங்கே இருந்தது. இங்கே தமிழ்99-க்கு அரசாணை உண்டு. லேப்டாப் வாங்கும்போது விசைகளின் மேல் அதை அச்சிட வேண்டும் என்ற கட்டாயமோ, முதல் முறை திறக்கும்போதே அது தயாராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோ நடைமுறையில் தெரியவில்லை. தரத்தை அறிவித்த அரசே அதைத் தன் கொள்முதலில் கேட்டு வாங்காவிட்டால், தனியார் தயாரிப்பாளர் ஏன் பொருட்படுத்தப் போகிறார்?

புதிதாகத் தமிழ் லினக்ஸ் ஒன்று செய்வோம் என்ற யோசனை அவ்வப்போது எழுவதுண்டு. அது வேண்டாம். தனி வெளியீடுகள் அரசு நிதி இருக்கும்வரை ஓடும். அதில் செய்த திருத்தம் உபுண்டுவுக்கோ ஃபெடோராவுக்கோ போய்ச் சேராது. வேலை நடக்க வேண்டியது மூலத்தில். எக்ஸ்.கே.பி. பட்டியல் பொதுவெளியில் இருக்கிறது. திருத்தம் அனுப்ப யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வழக்கொழிந்த டாப், டிஸ்கி வகைகளைக் கண்ணில் படாத இடத்துக்கு ஒதுக்குவது, தமிழ் என்று தேர்ந்தெடுத்தவுடன் எம்17என் தமிழ்99-ஐ நிறுவல் திரையே முன்வைக்கச் செய்வது, இந்தியாவைத் தேர்ந்தெடுத்தவருக்கு ரூபாய் உள்ள ஆங்கில அமைப்பை இயல்பாகத் தருவது: இவை மாபெரும் திட்டங்கள் அல்ல. பணம் குறைவாகவும் பொறுமை அதிகமாகவும் கேட்கும் வேலைகள். பராமரிப்பாளர்கள் கேள்வி கேட்பார்கள், சான்று கேட்பார்கள், அடுத்த பதிப்பில் ஏதாவது உடையும், மறுபடி சரிசெய்ய வேண்டும். தன்னார்வலரால் இதை ஓராண்டு செய்ய முடியும். பத்தாண்டு செய்ய, சம்பளம் வாங்கும் ஓரிருவர் தேவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்திலோ சி-டாக்கின் சென்னைக் கிளையிலோ அப்படி ஓரிருவரை அமர்த்துவது, ஒரு மாநாட்டுப் பந்தலின் செலவுக்குள் அடங்கிவிடும்.

கொள்முதல் ஆணையில் செயலி, நினைவகம், மின்கலம் பற்றியெல்லாம் வரி வரியாக நிபந்தனை எழுதுகிறார்கள். அங்கே விசைப்பலகைக்கும் ஒரு சோதனையைச் சேர்க்கலாம். பெட்டியைப் பிரித்து, இணைய இணைப்பு கொடுக்காமல், லினக்ஸில் உள்நுழைந்து, உலாவியின் முகவரிக் கட்டத்தில் ஒருமுறையும் லிப்ரே ஆபீஸில் ஒருமுறையும் ‘கொக்கு’ என்று அடித்துப் பார்க்க வேண்டும். தமிழ்99-ல் அது ஐந்து அழுத்து. எழுத்துப் பிசகாமல் விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் கிடங்கிலிருந்தே திருப்பி அனுப்பிவிடலாம்.